ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வைத்தும் பின்டோ பீன்ஸ் வேகாதது ஏன்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரில் வசிக்கிறோம். இரவு முழுவதும் ஊறிய பின்டோ பீன்ஸுடன் (ராஜ்மா வகையைச் சேர்ந்த, புள்ளிகள் உள்ள பீன்ஸ்) வெங்காயம், தக்காளி, டப்பாவில் வரும் சிப்போட்லே (புகையூட்டிக் காயவைத்த) மிளகாய் ஆகியவற்றை, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேக வைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரில் ஒன்றாகப் போட்டு, 'லோ' அளவில் எட்டு மணி நேரம் வைத்தேன். பீன்ஸ் உள்ளே நறுக்கென்றே இருக்கிறது. காரமும் சாற்றில் சரியாக இறங்கவில்லை. உப்பைக்கூடக் கடைசியில்தான் போட்டேன். எங்கே தவறு?

பதில்: நேரத்தைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. எதை எப்போது சேர்க்கிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பீன்ஸின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது மசியும். புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கிறது. பருப்பு வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதுவே காரணம். தக்காளி மட்டுமல்ல, டப்பா சிப்போட்லே ஊறியிருக்கும் அடோபோ சாற்றிலும் தக்காளியும் வினிகரும் உண்டு. ஆகவே இரண்டையும், ஒரு பீன்ஸை எடுத்து விரலால் அழுத்தினால் நடுவில் வெள்ளைத் திட்டு இல்லாமல் நசுங்கும் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் உங்கள் ஊரின் உயரம். ஆல்புகெர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. 'லோ' அளவில் ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டை எட்டவே பல மணி நேரம் ஆகும். சில குக்கர்கள் எட்டுவதே இல்லை. இதில் ருசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வகைப் பீன்ஸில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில் மிகுதியாகவும் பின்டோவில் அதைவிடக் குறைவாகவும், வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் லெக்டின் என்ற புரதம் உள்ளது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரி அளவில் அரைகுறையாகச் சூடான பீன்ஸ், பச்சைப் பீன்ஸைவிடப் பல மடங்கு கெடுதலாகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது கொதிக்க வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. உங்கள் ஊரில் நான் 40 நிமிடம் அடுப்பில் தளதளவெனக் கொதிக்க விட்டு, அதன் பிறகே ஸ்லோ குக்கருக்கு மாற்றச் சொல்வேன். கையிலிருக்கும் அரைவேக்காட்டுப் பீன்ஸை ருசி பார்க்காமல், பிரஷர் குக்கரில் போட்டு நன்றாக வேக வைத்துவிடுங்கள்.

உப்பு பீன்ஸை இறுக வைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும் அது சரியல்ல. ஊற வைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்புச் சேர்த்தால், தோலில் உள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்து, தோல் மிருதுவாகும். குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் அரைக் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். மிஞ்சினால் சோப்பு வாடை வரும். கடையில் நெடுங்காலம் கிடந்த பீன்ஸுக்கு இவை எதுவும் முழுதாக உதவாது.

இனி காரம். 1965-இல் பின்டோவையும் மிளகாயையும் சேர்த்தே தன் மாநிலக் காய்கறிகளாக அறிவித்த மாநிலத்தில் இருக்கிறீர்கள். டப்பாவை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் காய்ந்த சிவப்பு மிளகாயில் ஐந்தாறு எடுத்து, காம்பும் விதையும் நீக்கி, வெறும் வாணலியில் வாசம் வரும் வரை மட்டும் புரட்டுங்கள். கருகினால் கசப்பு பானை முழுவதும் பரவும். சுடுநீரில் 20 நிமிடம் ஊற வைத்து அரைத்து, வடிகட்டி, பூண்டும் சீரகமும் சேர்த்து எண்ணெயில் சுருள வதக்குங்கள். மிளகாயின் காரச்சத்து தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். சாற்றில் காரம் இறங்காததற்கு அதுவே காரணம். இந்த விழுதில் பாதியைத் தொடக்கத்திலும், நீண்ட வேக்காட்டில் மணம் போய்விடும் என்பதால் மீதியைத் தக்காளியோடு கடைசி ஒரு மணி நேரத்திலும் சேர்க்கலாம். புகை மணத்துக்காகப் பன்றி இறைச்சி சேர்ப்பவர்கள் உண்டு; அதைச் சேர்க்காதவர்களுக்கு அந்த மணத்தைச் சிப்போட்லேயே தந்துவிடும்.

அரைக் கிலோ பீன்ஸுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும், ஏனெனில் மூடிய ஸ்லோ குக்கரில் நீர் அதிகம் வற்றாது. கொதித்த பீன்ஸை 'ஹை' அளவில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். இடையில் மூடியைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். சாறு நீர்த்திருந்தால் ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தால் கெட்டிப்படும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.