மூன்று வாரம் ஓடிய ஸ்டெப்னி

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். வீடு செங்கோட்டையில், வேலை புனலூரில். வாரத்துக்கு நாலு நாள் புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் காரில் போய் வருகிறேன். 2014 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன மாதம் முன் டயர் ஒன்றில் சைடுவால் (பக்கச் சுவர்) கிழிந்துவிட்டது. டிக்கியில் இருந்த ஒல்லி ஸ்டெப்னியை மாட்டினேன். கையில் பணம் புரளவில்லை, புது டயர் வாங்கும்வரை மூன்று வாரம் அதிலேயே ஓட்டினேன். இப்போது அந்த ஸ்டெப்னியின் இரண்டு ஓரமும் மொட்டை, நடுவில் மட்டும் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் வெட்டு) இருக்கிறது. ஓடும் டயர் 185/60 ஆர்15. ஸ்டெப்னியில் டி125/70 ஆர்15 என்று போட்டிருக்கிறது. தென்காசியில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், அந்த சைஸே வராது என்கிறார்கள். ஒருவர் மட்டும், ஸ்டெப்னியின் அதே டிஸ்க்கில் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) 185 டயரை ஏற்றித் தருகிறேன் என்கிறார். ஏற்றலாமா?
— செங்கோட்டை வாசகர்

பதில்: ஏற்ற வேண்டாம் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. இந்த ஒல்லி ஸ்டெப்னியின் டிஸ்க் பெரும்பாலும் 4 அங்குல அகலம்தான் இருக்கும். உங்கள் 185/60 டயருக்குக் குறைந்தது 5 அங்குலம் வேண்டும், 6.5 வரை போகலாம். இரண்டுக்கும் 15 என்ற அளவு ஒத்துப்போவதால் கடைக்காரரால் இழுத்து மாட்டிவிட முடியும், காற்றும் நிற்கும், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டயரின் இரண்டு விளிம்பும் நெருங்கி, வயிறு உப்பி நிற்கும். புளியரை எஸ் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது பக்கவாட்டில் சாயும். விளிம்பு டிஸ்க்கை விட்டு நழுவினால் மொத்தக் காற்றும் அந்த நொடியே போய்விடும். எதிரில் லோடு லாரி வரும் பாதை அது.

இரண்டு ஓரமும் மொட்டை, நடுவில் பட்டன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. காற்று குறைவாக ஓடிய டயர்தான் அப்படித் தேயும். டி என்ற எழுத்தில் தொடங்கும் இந்த தற்காலிக ஸ்டெப்னிக்கு 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். மற்ற நாலுக்கும் 30, 33 என்று அடிக்கிற பங்க் பையன் இதற்கும் கை பழகியபடி 33 அடித்துவிடுவான், நாமும் சரி என்று கிளம்பிவிடுவோம். பாதிக் காற்றில் நடுப்பகுதி உள்வாங்கி, வண்டியின் பாரம் முழுவதும் ஓரங்களில் இறங்கும். புதிதாக இருக்கும்போதே இந்த டயரில் பட்டன் ஆழம் குறைவு. செங்கோட்டையிலிருந்து புனலூர் போய் வர ஏறத்தாழ 100 கி.மீ., வாரம் நாலு நாள், மூன்று வாரம் என்றால் 1,200 கி.மீ. ஆகிறது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதே, பஞ்சர் கடை வரை மட்டும் போ என்று சொல்லிக் கொடுக்கிற சக்கரம் அது. அது இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் ஓடும் டயரின் மொத்த உயரம் சுமார் 603 மி.மீ., ஸ்டெப்னியின் உயரம் 556. ஒரு கிலோமீட்டருக்கு அது 528 சுற்று சுற்றினால் இது 572 சுற்று சுற்ற வேண்டும். நீங்கள் மாட்டியது முன்னால். சின்னக் கார்களில் எஞ்சின் இழுப்பதும் முன் சக்கரங்களைத்தான். வண்டி நேராகப் போகும்போதுகூட இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால், இரண்டு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடுகிற, வளைவில் மட்டும் உழைக்க வேண்டிய டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி வழி முழுக்க உழைத்திருக்கிறது. அடுத்த சர்வீஸில் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கி, இரும்புத் தூள் கலந்திருக்கிறதா என்று உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். இனி முன் டயர் போனால், பின்னால் இருக்கும் நல்ல சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டிவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். இரண்டு தடவை ஜாக்கி ஏற்ற வேண்டும்தான், மழையில் எரிச்சலாகவும் இருக்கும். இருந்தாலும் அதைச் செய்யுங்கள்.

சரி, என்ன வாங்குவது? உங்கள் கார் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் அதே ஒல்லிச் சக்கரத்தைச் சொல்லி வைத்து வாங்கலாம், சில சமயம் டிஸ்க்கோடு சேர்த்துத்தான் தருவார்கள், நாளும் ஆகும். பழைய வண்டி உடைக்கும் இடங்களிலும் கிடைக்கும். அங்கே பட்டனைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஸ்டெப்னி ஓடாமலே கிடந்திருக்கும், பட்டன் புதுசு போலவே இருக்கும், ஆனால் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து போயிருக்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3214 என்றால் 2014-ன் 32-வது வாரம் செய்தது. டயர் தயாரிப்பாளர்கள் ஸ்டெப்னியையும் சேர்த்தே 10 வருடம் என்று உச்சவரம்பு சொல்கிறார்கள், 6 வருடத்தில் மாற்று என்கிற கார் கம்பெனிகளும் உண்டு. உங்களுடையது வண்டியோடு வந்த ஸ்டெப்னி என்றால், ஓரம் தேயாமல் இருந்திருந்தாலும் அதன் காலம் முடிந்ததுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒல்லியைத் தேடி அலைய மாட்டேன். வாரம் நாலு நாள் மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு முழு அளவு ஸ்டெப்னிதான் வேண்டும். உங்கள் மாடலுக்கான 15 அங்குல இரும்பு டிஸ்க் ஒன்று, அதில் 185/60 டயர். வாங்கும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஓடும் சக்கரம் ஒன்றைக் கழற்றி டிக்கியின் குழியில் வைத்துப் பாருங்கள். உட்காருகிறதா, மேல் பலகை எவ்வளவு தூக்குகிறது, நடுவில் இருக்கும் திருகு எட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒல்லியின் அகலம் 125 மி.மீ., இது 185, ஆறு சென்டிமீட்டர் தூக்கலாம். திருகு எட்டவில்லை என்றால் நீளமான திருகு போடாமல் வைக்காதீர்கள், சடன் பிரேக் போட்டால் அந்தச் சக்கரம் சும்மா இருக்காது. டிஸ்க் வாங்கும்போது நட் துளைகளின் கணக்கும் இடைவெளியும் மட்டும் ஒத்துப்போனால் போதாது, நடு ஓட்டையும் ஆஃப்செட்டும் (சக்கரம் உள்ளே, வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவு) உங்கள் மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். இப்போது ஓடுவது அலாய் என்றால், அதே நட் இரும்பு டிஸ்க்கில் சரியாகப் பதிகிறதா என்றும் பாருங்கள். ஒரு தடவை மாட்டி, கையால் சுற்றி, பிரேக் காலிப்பரில் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிறகு உள்ளே வையுங்கள்.

ஒரு சாரல் மாதத்தில் ஆரியங்காவிலிருந்து இறங்கும்போது எனக்குப் பின் டயர் போனது. டிக்கியைத் திறந்து பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி குழியில் நாலு விரல் தண்ணீர் நிற்கிறது, டிஸ்க் விளிம்பில் செம்பழுப்பாகத் துரு, கையால் அழுத்தினால் டயர் அமுங்குகிறது. டிக்கி ரப்பர் பீடிங் ஒரு மூலையில் பிய்ந்து, மழை முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அந்தப் பலகையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடுங்கள் தம்பி. குழியின் அடியில் ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் தண்ணீர் வடிந்துவிடும்.

கேள்வி: ஸ்டெப்னி என்று ஏன் பெயர் வந்தது?
— களியக்காவிளை வாசகர்

பதில்: அது ஒரு கம்பெனியின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர், அங்கே ஸ்டெப்னி தெரு. டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் அங்கிருந்துதான் இந்த உபரிச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவரை கார்களோடு உபரிச் சக்கரம் வராது. அவர்கள் ஊரில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது, நம்மிடம் இன்னும் ஓடுகிறது. அதே 1904-ல்தான் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மலையைக் குடைந்து பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கியது.

கேள்வி: புதுக் காரில் ஸ்டெப்னியே இல்லை, ஒரு சின்ன பம்பும் பசை பாட்டிலும்தான் கொடுத்தார்கள். கூடலூரிலிருந்து தினமும் குமுளி ஏறுகிறேன். இது சட்டப்படி சரியா, போதுமா?
— கூடலூர் வாசகி, தேனி மாவட்டம்

பதில்: சட்டப்படி சரிதான் அம்மா. 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள். 3.5 டன் வரையிலான பயணிகள் காரில் டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. போதுமா என்றால், நீங்கள் ஏறுகிற லோயர் கேம்ப் மலைப்பாதைக்குப் போதாது என்பதுதான் என் கருத்து. அந்தப் பசை, தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய 6 மி.மீ. வரையிலான ஓட்டையைத்தான் அடைக்கும். கல் கிழித்த சைடுவாலை எந்தப் பசையும் அடைக்காது. மலைப்பாதையில் அப்படிக் கிழிவதுதான் அதிகம். டிக்கியில் இடம் இருந்தால் ஒரு சக்கரம் வாங்கிக் கட்டி வையுங்கள். இடமே இல்லை என்றால் பாட்டிலின் காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள். டயர் கிழிந்தால் வளைவில் நிறுத்தாதீர்கள். டயரும் டிஸ்க்கும் போனால் போகட்டும், அகலமான இடம் வரும்வரை இன்டிகேட்டரைப் போட்டு ஊர்ந்து போய் நிறுத்துங்கள்.