கடையின் பெயரில் இருக்கும் ஸ்காண்டிநேவியா

கேள்வி: கோவையில் அப்பா தொடங்கிய பர்னிச்சர் கடையை நானும் தம்பியும் கவனித்துக்கொள்கிறோம். டென்மார்க், ஸ்வீடன், நார்வே நாடுகளைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியா என்ற சொல் கடையின் பெயரிலேயே இருக்கிறது. டென்மார்க் பாணி நாற்காலி, மேசைகளை எங்கள் பட்டறையிலேயே தேக்கில் செய்கிறோம். திரைச்சீலை, மெத்தை உறை, விளக்குகளும் விற்கிறோம். பட்டறையை மூடிவிட்டு, வெளிர்நிறத் தாள் ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கலாம் என்கிறான் தம்பி. ஸ்காண்டிநேவியப் பாணி என்றாலே வெளிர்நிறம்தான், தேக்கு எதற்கு என்று கேட்கிறான். அப்பா எதுவும் சொல்வதில்லை. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாதந்தோறும் சம்பளமும் வாடகையும் கொடுத்தாக வேண்டியவருக்கு உங்கள் தம்பியின் கவலை வரத்தான் செய்யும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தேக்கைப் பற்றி அவர் எண்ணுவது சரியன்று. 1950களில் டென்மார்க்கின் மரச்சாமான்களுக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்த மரங்களுள், ஆசியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போன தேக்கும் ஒன்று. 1949இல் டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் வடிவமைத்த வட்ட நாற்காலியின் இருக்கை, நம் தாத்தாக்களின் சாய்வு நாற்காலியைப் போலவே, முதலில் பிரம்பால் பின்னப்பட்டது. 1960இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகத் தொலைக்காட்சியில் நிக்சனோடு விவாதித்தபோது கென்னடி அமர்ந்தது அந்த நாற்காலியில்தான்.

மலிவு விலையும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்ததே என்று தம்பி சொன்னால், அது உண்மை. 1943இல் ஸ்வீடனில் இங்வார் காம்ப்ராட் தொடங்கிய ஐக்கியா நிறுவனம், 1956 முதல் சாமான்களைப் பிரித்துத் தட்டையாகக் கட்டி விற்கத் தொடங்கியது. ஆனால் அந்த விலை, பெரும் எண்ணிக்கையில் செய்வதாலும், பூட்டும் வேலையை வாங்குபவரே செய்துகொள்வதாலும் கிடைப்பது. மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கும் கடைக்கு அது வாய்க்காது. அதே சாமானை அடுத்த தெருக் கடைக்காரரும் விற்பார். வீடு துடைக்கும் ஈரம் பட்டுப் பட்டுப் பலகையின் அடிப்பகுதி ஊதிவிட்டதென்று வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது, பழுது பார்த்துக் கொடுக்க உங்களிடம் ஆசாரியும் இருக்கமாட்டார்.

1908இல் டென்மார்க்கின் ஓடென்சே நகரில் தொடங்கிய கார்ல் ஹான்சன் என்ற மரச்சாமான் குடும்ப நிறுவனத்தைப் பாருங்கள். வெக்னர் அவர்களுக்கு வரைந்து கொடுத்த, முதுகில் ஒய் வடிவம் கொண்ட நாற்காலியை 1950 முதல் இன்றுவரை செய்து வருகிறார்கள். அதன் இருக்கையைப் பின்ன மட்டும் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு செல்கிறது. உங்களிடம் எத்தனை மாதிரிகள் இருக்கின்றன என்று எழுதவில்லை. நாற்பது இருந்தால், நன்றாக விற்கும் எட்டைப் பத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும்போது ஆசாரிகளின் கையும் வேகமாகும், மரமும் வீணாகாது. நன்றாக உலர்ந்த மரத்தை முன்கூட்டியே வாங்கி அடுக்கவும் பணம் மிஞ்சும். திரைச்சீலை, விளக்கு போன்ற வாங்கி விற்கும் பொருள்களைத் தம்பியின் முழுப் பொறுப்பில் விடுங்கள். அவருடைய வியாபாரத் திறமைக்கு அங்கே நிறைய இடம் இருக்கிறது.

அப்பாவின் மௌனம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அந்த டேனிஷ் குடும்பத்தில் நிறுவனரின் மகன் ஹோல்கர் 1962இல் இறந்தபோது, எல்லா ஹான்சன் என்ற அவர் மனைவி நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். 2002இல் ஒரு மகனிடமிருந்து இன்னொரு மகனுக்குத் தலைமை மாறியது. உங்கள் வீட்டிலும் யாருக்கு எந்தப் பொறுப்பு, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அப்பா இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மகளாயிற்றே என்று தயங்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு உட்காரும் நாளில், எந்த நாற்காலி எத்தனை விற்றது, எது பழுதுக்குத் திரும்பி வந்தது என்ற கணக்கேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.