சூப்பர் ஹீரோ கதையில் வில்லனின் தீராப் பகையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கடலூர் முதுநகரைக் களமாக வைத்து 16 பக்க காமிக்ஸ் எழுதுகிறீர்கள். வில்லன் ஹீரோவை ஏன் இப்படித் துரத்துகிறான் என்பது ஒட்டவில்லை என்கிறீர்கள். அவன் "ஊரை ஆளணும்" என்கிறான், அதுதான் கோளாறு. அது பேராசை. பகைக்கு ஒரு காயம் வேண்டும். அவன் புகாரில் பாதியாவது நிஜம் இருக்க வேண்டும்.

1960-இல் வந்த சூப்பர்பாய் (சிறுவயது சூப்பர்மேன்) கதை ஒன்றில், பின்னாளில் அவனுக்குப் பரம வில்லனாகும் இளம் லெக்ஸ் லூதரின் ஆய்வகம் தீப்பிடிக்கிறது. சூப்பர்பாய் ஊதி அணைக்கிறான். ரசாயனம் கொட்டிக் கிளம்பிய புகையில் லூதரின் தலைமுடி போகிறது, அவன் உருவாக்கிய உயிரும் அழிகிறது. காப்பாற்றியவன் மேலேயே வன்மம்!

உங்களுக்குக் கடலூரைத் தாக்கிய 'தானே' புயல் இருக்கிறது: 2011 டிசம்பர் 30, விடியற்காலை. உப்பனாற்றில் தத்தளிக்கும் நாலு பேருக்கு வீச, வில்லனின் விசைப்படகைக் கட்டிய கயிற்றையே ஹீரோ அறுக்கிறான். படகு சிதறுகிறது, கடன் நிற்கிறது. 2 பக்கம் போதும், வசனம் வேண்டாம். கம்பத்தில் மிஞ்சிய ஒரு முழக் கயிற்றை வில்லன் அவிழ்த்து மடியில் செருகுவதை மட்டும் பெரிய கட்டமாக வரையுங்கள். பிறகு 3 இடங்களில் அது தலைகாட்டட்டும்.

ஹீரோ தன் கையில் சிக்கிய பிறகும் வில்லன் பேசிக்கொண்டே நிற்பது பலரும் சறுக்கும் இடம். அவனுக்கு வேண்டியது ஹீரோவின் சாவு அல்ல, "நான் செஞ்சது தப்பு" என்ற ஒரு வார்த்தை என்று வையுங்கள். தாமதத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். 12-ஆம் பக்கத்தில் ஹீரோ அதைச் சொல்லியும் விடட்டும். அப்போதும் வில்லன் கயிற்றைக் கீழே போடக் கூடாது.