விகிதமுறு எண்களின் பண்புகள் முழு எண்களிலிருந்து எங்கே வேறுபடுகின்றன?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முழு எண்களின் பண்புப் பட்டியலும், 2/3 மாதிரிப் பின்னமாக எழுதக்கூடிய விகிதமுறு எண்களின் பண்புப் பட்டியலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடியில் டியூஷன் எடுக்கும் என்னிடமும் பிள்ளைகள் இதையேதான் கேட்பார்கள்.

பரிமாற்று, சேர்ப்பு, பங்கீடு ஆகிய பண்புகள் இரண்டுக்கும் பொதுதான். 0 கூட்டல் சமனி, 1 பெருக்கல் சமனி என்பதும் மாறாது. அவற்றைப் பரீட்சைக்கு எழுதிப் பார்த்துவிட்டு நேராக வகுத்தலுக்கு வாருங்கள்.

0, 1, 2 என்று போகும் முழு எண்களில் 3-லிருந்து 5-ஐக் கழிக்க முடியாது. குறை எண்களையும் சேர்த்துக்கொண்டால் அது சரியாகிவிடும். ஆனால் 2 ÷ 3-க்கு அங்கேயும் விடை இல்லை. விகிதமுறு எண்களில் பூச்சியத்தைத் தவிர எதனாலும் வகுக்கலாம். 2/3-க்கு 3/2 என்பதுபோல், பூச்சியம் தவிர ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் நேர்மாறு (பெருக்கினால் 1 தரும் எண்) உண்டு.

அரை, கால் மாதிரி கொஞ்சம் பின்னங்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதாதா? போதாது. நம் டெல்டா நிலக்கணக்கையே பாருங்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய பின்ன வாய்ப்பாட்டில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியை மறுபடி 320 பங்காக்கினால் கீழ்முந்திரி. குழிக்கு 144 சதுர அடி என்று வைத்தால், ஒரு வேலியில் கீழ்முந்திரி மூன்று சதுர அடிகூட வராது. அவ்வளவு நுணுக்கம்! இருந்தும் ஒரு வேலியை மூன்று அண்ணன் தம்பிகளுக்குச் சரிசமமாகப் பிரிக்க இந்த அளவுகளால் முடியாது. ஆளுக்கு 106 முந்திரி போக 2 மிச்சம். அதைக் கீழ்முந்திரியாக்கினால் 640; ஆளுக்கு 213 போக 1 மிச்சம். இப்படியே எத்தனை படி இறங்கினாலும் 2, 1, 2, 1 என்று மிச்சம் நின்றுகொண்டே இருக்கும். 320-இன் பகாக் காரணிகள் 2-ம் 5-ம் மட்டுமே. 3 அதில் இல்லை. 10-இன் பகாக் காரணிகளும் 2-ம் 5-ம்தான்; 1/3-ஐத் தசமமாக எழுதினால் 0.333... என்று முடியாமல் ஓடுவதற்கும் இதுதான் காரணம். பின்னத்தின் பகுதியாக (கீழே வரும் எண்ணாக) பூச்சியம் தவிர எதையும் அனுமதித்தால்தான், பூச்சியமல்லாத எதனால் வகுத்தாலும் விடை அதே எண்களுக்குள் கிடைக்கும் அடைவுப் பண்பு வருகிறது.

இதில் கைவிட்டுப் போவதும் உண்டு. 7-க்கு அடுத்தது 8. 1/2-க்கு அடுத்தது எது? 2/3 என்றால் நடுவில் 7/12 இருக்கிறது. எந்த இரண்டைக் கூட்டிப் பாதியாக்கினாலும் இடையில் இன்னொன்று வந்துவிடும். அதனால் 'அடுத்த எண்' என்பதே இல்லை. மிகச்சிறிய மிகை எண்ணும் இல்லை. ஒற்றை, இரட்டை, பகா எண் எல்லாமே அர்த்தமிழக்கின்றன. எல்லாம் எல்லாவற்றையும் (பூச்சியம் நீங்கலாக) மீதியில்லாமல் வகுக்கும் இடத்தில் பகா எண்ணுக்கு என்ன வேலை? எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

அப்புறம், இத்தனை நெருக்கமாக இருப்பதால் எல்லா நீளத்தையும் விகிதமுறு எண்ணால் எழுதிவிடலாம் என்று மகள் நினைத்தால், சதுரமான ஒரு மா நிலத்தை வரையச் சொல்லுங்கள். பக்கம் 120 அடி. மூலைக்கு மூலை 120√2 அடி. அதை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது. ஏன் என்பது மேல் வகுப்பில் வரும்.