நாஸ்கார் ரேஸில் டீம் ரேடியோ கேட்க என்ன வேண்டும்?

கேள்வி: சார்லட்டில் வசிக்கிறேன். போன வருடம் கோகோ-கோலா 600 என்ற நாஸ்கார் கார் ரேஸுக்குப் போனோம், சத்தத்தில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பெரிய ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓட்டுநர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஊரிலிருந்து அப்பா வருகிறார், ஒன்பது வயது மகளும் வருவாள். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? போனிலேயே கேட்டுவிட முடியாதா?

பதில்: லைசென்ஸ் வேண்டாம். ஸ்கேனர் போதும், அதாவது பல அலைவரிசைகளைக் கேட்க மட்டும் செய்கிற கையடக்க ரேடியோ. சில மாநிலங்களில் ஓடும் காருக்குள் ஸ்கேனர் வைத்துக்கொள்ளக் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் வெளியூர் ரேஸுக்குப் போகும்போது அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

டீம் பேசுவதை இப்படி நேராகக் கேட்பது ஃபார்முலா 1 பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பவே முடியாத விஷயம். அங்கே டிவிக்காரர்கள் எடுத்துக் கொடுக்கிற துண்டுதான் நமக்கு. நாஸ்காரில் டீம்கள் பேசுவது சாதாரண அனலாக் ரேடியோவில், பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸுக்குள், பூட்டு எதுவும் கிடையாது. 2013 செப்டம்பரில் ரிச்மண்ட் ரேஸில் மைக்கேல் வால்ட்ரிப் ரேசிங் டீம் தன் ஆள் ஒருவரை முன்னேற்றுவதற்காக இன்னொரு ஓட்டுநரான பிரையன் விக்கர்ஸைத் தேவையே இல்லாமல் பிட்டுக்கு (டயர் மாற்றி எரிபொருள் போடும் இடம்) வரச்சொன்னது, அந்தப் பேச்சு ரேடியோவில் அப்படியே இருந்ததால் மாட்டிக்கொண்டது, 3 லட்சம் டாலர் அபராதம். அடுத்த வாரமே, உயரத்திலிருந்து பார்த்து ஓட்டுநருக்கு வழி சொல்கிற ஸ்பாட்டர்கள் நிற்கும் மேடையில் டிஜிட்டல் ரேடியோ கூடாது, அனலாக் மட்டும்தான் என்று நாஸ்கார் விதி போட்டது. சாதாரண ஸ்கேனரிலேயே கேட்க முடிவதால் அந்த விதியால் நமக்கும் லாபம்தான்.

சரி, போன் விஷயம். நாஸ்கார் ஆப்பில் ஓட்டுநர்களின் ரேடியோ வரும், வீட்டு சோபாவில் உட்கார்ந்து கேட்க அருமை. மைதானத்தில் அது பின்தங்கி வரும்: கண்ணெதிரே கார் சுவரில் இடித்து முடித்த பிறகு காதில் "ஜாக்கிரதை" என்று கேட்கும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் போனைத் தட்டினால் சிக்னல் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்கேனரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

முதல் தடவை என்றால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மைதானத்தில் ஹெட்செட்டோடு, அந்த வார அலைவரிசைகளை ஏற்றியே கொடுப்பார்கள். பிடித்துப்போனால் அப்புறம் யூனிடென் பேர்கேட் பிசி125ஏடி மாதிரி ஒன்று வாங்கலாம்: 500 சேனல், இரண்டு ஏஏ பேட்டரி, அனலாக் மட்டும்தான், இந்த வேலைக்கு அது தாராளம். வாங்கினால் கார் எண்ணையே சேனல் எண்ணாகப் போட்டுவிடுங்கள், 24ஆம் எண் கார் 24ஆம் சேனலில். ஓடுகிற ரேஸில் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற வாக்கி-டாக்கியில் அதே அலைவரிசையைப் போட்டுக் கேட்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அதில் பேசும் பொத்தான் இருக்கிறது. கூட்டத்தில் தெரியாமல் அமுங்கினால், கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவருக்குப் பக்கத்தில் கார் இருப்பதைச் சொல்லும் குரலை நீங்கள் மறித்துவிடுவீர்கள். சட்டப்படியும் குற்றம்.

ஸ்கேனரைவிட முக்கியம் காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். இந்த ரேஸோ 400 சுற்று, நாலு மணி நேரத்துக்கும் மேலே. அதனால் காதை முழுக்க மூடி வெளிச்சத்தத்தைத் தடுக்கிற ஹெட்செட்தான் வேண்டும், பாட்டு கேட்கிற ஹெட்போன் உதவாது. செலவைக் குறைக்க வேண்டுமா, சாதாரண இயர்போனைக் காதில் செருகி, மேலே கட்டுமானத் தொழிலாளர்கள் போடுகிற காதுமூடியை மாட்டுங்கள். நான் பல வருடம் அப்படித்தான் சமாளித்தேன்.

மகளுக்கு அவள் தலை அளவுக்குச் சரியான காதுமூடி மட்டும் போதும் என்பேன். இந்த ரேடியோவில் கெட்ட வார்த்தை தாராளமாக வரும், டிவியில்தான் மறைப்பார்கள். ரேஸ் வர்ணனையைச் செய்கிற பிஆர்என் வானொலியும் மைதானத்தில் ஸ்கேனரின் ஒரு சேனலில் கிடைக்கும், அவளுக்கும் ஹெட்செட்டைக் கொஞ்ச நேரம் மாட்டிவிட்டால், அப்போது அந்தச் சேனலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் செய்கிற தப்பு, நாற்பது காரையும் ஓடவிட்டு ஸ்கேன் செய்வது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒரு காரைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சேனலிலேயே நிற்க ஹோல்டு போடுங்கள், கூட ரேஸை நடத்தும் அதிகாரிகள் பேசுகிற ரேஸ் கன்ட்ரோல் சேனலும் வர்ணனையும் போதும். ஒரு காரின் ரேடியோவில் முக்கியமாக மூன்று குரல்கள்: ஓட்டுநர், டீமை வழிநடத்துகிற க்ரூ சீஃப், உயரத்திலிருந்து பார்க்கிற ஸ்பாட்டர். ஓயாமல் பேசுவது ஸ்பாட்டர்தான். "இன்சைடு, ஸ்டில் தேர், கிளியர்" (உள்பக்கம் கார், இன்னும் இருக்கிறது, விலகிவிட்டது) என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே காரைப் பாருங்கள், பத்துச் சுற்றில் பழகிவிடும். ஓட்டுநர் "லூஸ்" என்றால் காரின் பின்பக்கம் வழுக்குகிறது, "டைட்" என்றால் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது. இந்தப் புலம்பலுக்கு அடுத்த பிட்டில் என்ன மருந்து, டயர் காற்றா, சக்கரங்களில் எடை விழுவதை மாற்றுகிற வெட்ஜா, என்று க்ரூ சீஃப் சொல்வதும், அது வேலை செய்ததா என்று இருபது சுற்று கழித்துத் தெரிவதும்தான் எனக்கு ரேஸே.

அப்பாவுக்கு ஆர்வம் வர ஒரு கதை சொல்லுங்கள்: கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2010இல் இதே நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார், அந்தத் தொடரில் அந்த வருடத்தின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். ஃபார்முலா 1இல் ஸ்பாட்டர் என்று ஒருவர் கிடையாது. அங்கிருந்து வந்தவருக்குக் காதுக்குள் ஒரு குரல் விடாமல் பேசுவது எப்படி இருந்திருக்கும்!

கிளம்பும்போது மாற்றுப் பேட்டரியும், நீங்களும் அப்பாவும் ஒரே ஸ்கேனரில் கேட்க ஒரு ஸ்ப்ளிட்டர் வயரும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொடிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்; கார்கள் மெதுவாகச் சுற்றும்போது டீம்கள் ரேடியோ சரிபார்ப்பார்கள், உங்கள் சேனலும் சத்த அளவும் சரியா என்று பார்க்க அதுதான் நேரம்.