ஆல்டோ சாக்ஸபோனில் கமகம் வழுக்காமல் தட்டித் தட்டி வருவது

கோளாறு விரலில் இல்லீங்க, உதட்டில். தோடி ராகத்துக் காந்தாரம் ('க' சுரம்) கமகமா, அதாவது வழுக்கி அசைஞ்சு வராமல், படிக்கட்டு மாதிரி வருதுன்னு கேட்டிருக்கீங்க. கோபி பக்கம் கல்யாண பேண்டில் பத்து வருஷம் வாசிச்சவர்னும் சொல்றீங்க, அதுதான் காரணமா இருக்கும். சத்தம் தெருமுனை தாண்டணும்னு மவுத்பீஸை (வாயில் வைக்கிற ஊதுமுனை) கடிச்சே பழகியிருப்பீங்க. கடிச்சால் சுரம் வளையாது.

மவுத்பீஸை மட்டும் தனியாக் கழட்டி ஊதிப் பாருங்க. ஆல்டோவுக்கு ஏறத்தாழ 6 கட்டை சுருதி (மேற்கத்திய முறையில் A) வரும். தாடையைத் தளர்த்தி அதை 4 கட்டை வரைக்கும் இறக்குங்க. எண்ணெயில் விட்ட மாதிரி வழுக்கணும். அரைச் சுரம்கூட இறங்கலைன்னா கடிக்கறீங்க.

சாக்ஸபோன் மேதை கத்ரி கோபால்நாத்துக்கே இது சுளுவா வரலை. நாதஸ்வரக்காரர் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் இந்தக் கருவியைக் கேட்டு மயங்கினவர். கர்நாடக இசைக்கு அதை வசப்படுத்த ஏறக்குறைய 20 வருஷம் ஆச்சு. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி எல்லாம் அதுக்கப்புறம்தான். நீங்க ஆறு மாசத்துல சலிச்சுக்கறீங்க!

ஒண்ணு மட்டும்: கீழ் ஸ்தாயியில் உதடு அவ்வளவா வளைக்காது, அங்கே சாவியை (விரலால் அழுத்தற கீ) மெதுவாத் திறந்துதான் சமாளிக்கணும். பேடில் (துளையை மூடற மெத்தை) காத்து ஒழுகினா இதெல்லாம் வீண், மொதல்ல அதைப் பாத்துருங்க.