அவள் ஏன் புத்தகத்தைப் பிரிக்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு வருடமாகக் கைட்போர்டிங் செய்கிறேன்: பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர் மேல் சறுக்கிப் போகிற விளையாட்டு. வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் கிடக்கும் எனக்கு இது ஒன்றுதான் உயிர் கொடுக்கிறது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் பட்டத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். நான் விடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் 6 டிகிரித் தண்ணீரிலும் தனியாக இறங்கியிருக்கிறேன். தடிமனான வெட்சூட் (குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை), தலைமூடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் இருக்கிறது. "வெயிலில் மட்டும் வருகிறவன் விருந்தாளி, குளிரிலும் வருகிறவன்தான் வீட்டுக்காரன்" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். மனைவியோ வசந்தம் வரும்வரை நிறுத்தச் சொல்கிறாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு வேலை என்பதால் 11 வயது மகளை என்னோடு அழைத்துப் போகிறேன். பட்டத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அவள்தான் பிடித்துக்கொள்வாள். மற்றபடி இரண்டு மணி நேரமும் காருக்குள் சூடாக உட்கார்ந்திருப்பாள். புத்தகம் கொண்டு வருவாள், ஆனால் பிரிக்கவே மாட்டாள்; என் பட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. குளிரைப் பார்த்து நிறுத்துகிறவன் உண்மையான ஆர்வலனா? இதை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி,

மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடுகிறேன். மலை ஏறுகிறவர்கள் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாருமே என்னிடம் எதிர்பார்ப்பது ஒரே வரியைத்தான்: "உங்கள் ஆசை நியாயமானது, வீட்டில் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்." அந்த வரி உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன வேறொரு வரி இருக்கிறது. கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அங்கேயே நின்றுவிட்டேன்.

புத்தகம் கொண்டு வருவாள், பிரிக்கவே மாட்டாள்.

ஆசை வந்த பிள்ளை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? காரை விட்டு இறங்கி ஓடி வரும். பலகை மேல் ஏறி நின்று பார்க்கும். "எனக்கு எப்போ கத்துக்கொடுப்பீங்க?" என்று நச்சரிக்கும். கால் மணி நேரத்தில் அலுத்துப்போய் சிப்பி பொறுக்கும், இல்லாவிட்டால் புத்தகத்துக்குத் திரும்பும். எந்தப் பிள்ளையின் ஆசைக்கும் நடுநடுவே அலுப்பு வரும். அலுப்பே வராமல் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தைப் பார்க்க வைப்பது பயம். பட்டம் வானத்தில் தெரிகிறவரை அப்பா இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தைப் புரட்டுகிற நேரத்தில் அது விழுந்துவிட்டால்? அதனால்தான் அவள் புத்தகத்தைப் பிரிப்பதில்லை.

ஆறு வருடம் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். மேகம் கறுத்தால் என்ன, அலையின் நுனி வெளுத்தால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகளின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

சரி, அந்தப் பட்டம் விழுந்து எழாமலே கிடந்தால் அவள் என்ன செய்ய வேண்டும்? சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் வெட்சூட் இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, தலைமூடிகூட இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், எந்த இடம் என்று சொல்ல வேண்டும் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லிக் கொடுத்திருந்தாலும் நான் இதே கோபத்தோடுதான் எழுதியிருப்பேன். ஆனால் சொல்லிக்கூடக் கொடுக்காமல் அந்தப் பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

6 டிகிரி என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது என்ன என்று பார்ப்போம். ஒரே குளிர்நிலையில் இருந்தாலும் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர், தன் உடம்பையே குளிர்நீரில் இறக்கிப் பலமுறை சோதித்தவர், ஒரு கணக்குச் சொல்வார்: 1, 10, 1. குளிர்நீரில் விழுந்தவருக்கு இரைக்கிற மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். நல்ல வெட்சூட் இந்தக் கணக்கை நீட்டிக் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதலில் மரத்துப்போவது விரல்கள். நீங்கள் கரை சேர்வதும் அந்த விரல்களால்தான்.

பட்டம் விழுந்து எழவில்லை என்றால் செய்ய வேண்டியதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பட்டத்தின் இழுவையை உடனே விடுவிக்கும் குவிக் ரிலீஸைத் தள்ளிவிட வேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் தளர்ந்த பிறகு, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாருக்கு, அதாவது பட்டத்தை இயக்கும் கைப்பிடித் தண்டுக்குப் போக வேண்டும். 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகளைச் சிக்கல் விழாமல் பாரில் சுற்றிக்கொண்டே பட்டம்வரை போக வேண்டும். பிறகு பட்டத்தின் காற்றடைத்த குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரைக்கு மிதந்து வர வேண்டும். காற்று கரைப்பக்கமாக வீசினால் இது நடக்கும். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசினால் நீங்கள் போகும் திசையே வேறு. வெதுவெதுப்பான தண்ணீரில் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். தடித்த கையுறையோடு, விரல் மரத்த பிறகு, ஒரே ஒரு முறையாவது செய்து பார்த்தீர்களா?

இன்னொன்று. குளிர்காலத்துக் காற்று கனமானது. 0 டிகிரிக் காற்று 25 டிகிரிக் காற்றைவிட 9 சதவீதம் அளவுக்கு அடர்த்தி கூடியது. அதே வேகத்தில் வீசினாலும் அதே பட்டம் அந்த அளவுக்குக் கூடுதலாக இழுக்கும். அதோடு குளிர்காலத்துக் காற்று சீராகவும் வருவதில்லை. மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது ஒரு வீச்சில் 28-க்கு ஏறினால் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். வேகம் கூடுவதன் வர்க்கத்தில் இழுவை கூடும் என்பது எல்லாப் பட்டத்துக்கும் பொது.

அந்தப் பட்டத்தின் மறுமுனையில் நிற்பது உங்கள் மகள்.

"பிடித்துக்கொள்வாள்" என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். பட்டத்தைப் பிடிப்பவரின் வேலை என்ன? நான்கு கயிறும் சரியாகப் போகிறதா, ஒன்றோடு ஒன்று மாறிக் கட்டியிருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா என்று கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் காற்று எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால்தான் விட வேண்டும். கயிறு மாறியிருந்தால் பட்டம் விட்ட வேகத்தில் சுழன்று பாய்ந்து உங்களை மணலில் இழுத்துக்கொண்டு போகும். இறுகிய கயிறு குறுக்கே வந்தால் பிடித்தவருக்கும் தோல் மிஞ்சாது. இறக்கும்போது பிடிப்பது இன்னும் சிக்கல். இதெல்லாம் தெரிந்த பெரியவர் செய்கிற வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிப்பவருக்கு "வேண்டாம், இன்று போகாதே" என்று சொல்கிற தைரியம் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள். 11 வயதுப் பெண், இத்தனை ஆசையாகக் கிளம்பி வந்த அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்பாளா? உங்களைத் தடுக்கவே முடியாத ஒருத்தியை உங்களுக்குத் துணையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தடுக்கக்கூடிய மனைவியை விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் கரையேறுகிறீர்கள். முடிந்தது என்று நினைக்கிறீர்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம், விரல்களில் பிடிமானமின்மை, மந்தமான யோசனை. அந்த நிலையில் காரை எடுத்து அவளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறீர்கள்.

பெற்றவரைப் பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள் நான். இந்தப் பக்கத்தில் அதை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்தக் கடமைக்கு ஒரு காலம் இருக்கிறது. உங்கள் கால் தளரும்போது அவள் கை கொடுப்பாள், கொடுக்கவும் வேண்டும். அதுவரை கரையில் நின்று காவல் காக்க வேண்டியவர் நீங்கள். அவள் நீந்த வேண்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தலைகீழாக்க எந்த அப்பாவுக்கும் உரிமை கிடையாது, அவர் எவ்வளவு களைத்துப்போன அப்பாவாக இருந்தாலும்.

உண்மையான ஆர்வலன் யார் என்று கேட்டீர்கள். குளிரில் போகக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. குளிர்காலத்துக் கடலில் கூட்டம் இல்லாத தண்ணீரும் வலுத்த காற்றும் கிடைக்கும், அதற்காக வருடம் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். இரண்டு மூன்று பேராகப் போவார்கள். ஒருவர் தண்ணீரில் இருந்தால் ஒருவர் கரையில். இரண்டு மணி நேரம் என்பதை முக்கால் மணி நேரமாகக் குறைத்துக்கொள்வார்கள், நீந்தித் திரும்ப முடிகிற தூரத்தைத் தாண்ட மாட்டார்கள், கையுறை மாட்டிக்கொண்டு குவிக் ரிலீஸைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஒரு மணி நேரம் காரோட்டி வந்து, காற்று சரியில்லை என்று பையின் ஜிப்பைக்கூடத் திறக்காமல் திரும்புவார்கள். அப்படித் திரும்புகிற நாளில் யாராவது தண்ணீரில் இருந்தால் அவர் பட்டத்தை இறக்கிக் கொடுப்பதற்காகக் காத்து நிற்பார்கள். ஆர்வலன் என்ற சொல்லை நான் இவர்களுக்குத்தான் கொடுப்பேன்.

உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரின் விருந்தாளி, வீட்டுக்காரன் பேச்சு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவரிடம் ஒன்று கேளுங்கள்: குளிர்காலத்தில் அவர் பட்டத்தை யார் பிடிக்கிறார்கள்? அவர் பிள்ளையா?

நீங்கள் பறக்கவிடும் பட்டம் எப்படி வந்தது என்று தெரிந்திருக்கும். பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகென்யூ என்ற சகோதரர்கள், காற்றடைத்த குழாய் வைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கேட்டார்கள். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டும், மறுபடி எழ வேண்டும் என்பதுதான் அதில் அவர்கள் தீர்த்த சிக்கல். விழுந்தால் என்ன ஆகும் என்று முதலில் யோசித்தார்கள். அந்தப் பட்டம் கடைகளில் பரவலாகக் கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை விடாமல் அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஆர்வம் என்றால் அத்தனை காலம் காத்திருக்கத் தெரிய வேண்டும். உங்களால் வசந்தம்வரை காத்திருக்க முடியவில்லை.

இனி செய்ய வேண்டியது. வரும் சனிக்கிழமை கடலுக்குப் போகாதீர்கள். அவளோடு வீட்டில் இருங்கள். சமாதானம் சொல்லாமல், சிரிக்காமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பட்டம் விழுந்து எழவே இல்லை என்றால் நீ என்ன செய்வதாக இருந்தாய்?" அவளிடம் பதில் தயாராக இருக்கும். யாருக்கு முதலில் அழைப்பாள், அம்மாவிடம் எப்படிச் சொல்வாள், எந்தப் பக்கம் ஓடிப்போய் ஆள் கூப்பிடுவாள் என்று எல்லாமே யோசித்து வைத்திருப்பாள். நீங்கள் சொல்லிக் கொடுக்காததை அந்தக் காருக்குள் உட்கார்ந்து தானாகவே யோசித்திருப்பாள். நடுவில் பேசாமல் கேளுங்கள். அவள் முடித்த பிறகு, இனி உன்னைப் பட்டம் பிடிக்கக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள்.

அன்று இரவு மனைவி வேலையிலிருந்து வந்ததும் மகள் சொன்ன பதிலை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். புரியவைக்க வேண்டியது வேறு எதுவும் இருக்காது.

குளிரில் போகவே வேண்டும் என்றால், கைட்போர்டிங் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் போகாதீர்கள். துணை கிடைக்காத சனிக்கிழமைகளில் பட்டத்தை விரித்து ஓட்டை பார்க்கலாம், கயிறுகளின் நீளத்தைச் சரிபார்க்கலாம், ரிலீஸில் புகுந்த மணலைக் கழுவலாம். அதுவும் இந்த விளையாட்டில் சேர்ந்ததுதான்.

அந்தப் புத்தகத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்று நினைக்கிறேன். அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.